வீட்டுத் தெர்மோஸ்டாட்டை நாமே மாற்றி அமைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலான தனி வீடுகளில் நிலவறையிலோ பரணிலோ வீட்டைச் சூடேற்றும் ஒரு ஃபர்னஸ் இருக்கும். வெளியே சுவரோரம் ஏசியின் கம்ப்ரசர் இருக்கும். இரண்டையும் ஏவுவதற்குக் கூடத்துச் சுவரில் ஒரு தெர்மோஸ்டாட் இருக்கும். அந்தத் தெர்மோஸ்டாட்டைப் பழையதிலிருந்து புதியதாக மாற்ற நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன. சுவரில் பொருத்தும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பலரும் இடறுவது அதற்கு முன்பு கம்பிகளை அடையாளம் காண்பதிலும், பின்பு புதுக் கருவியின் திரையில் வரும் அமைப்புப் பட்டியலைச் சரியாக நிரப்புவதிலும்தான். ஆகவே அவ்விரண்டுக்கும் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

தெர்மோஸ்டாட் என்பது ஊரில் நாம் பயன்படுத்தும் ஏசி ரிமோட்டைப் போன்றதா?

இல்லை. ஸ்பிளிட் ஏசியில் அறையின் வெப்பத்தை அறியும் உணரியும் முடிவெடுக்கும் பகுதியும் பொதுவாகச் சுவரிலுள்ள இயந்திரத்துக்குள்ளேயே இருக்கின்றன. ரிமோட் நம் விருப்பத்தைச் சொல்லும் தூதுவன் மட்டுமே. இங்கே சுவரிலுள்ள தெர்மோஸ்டாட்தான் வெப்பத்தை அறிகிறது, அதுவே முடிவெடுக்கிறது. ஆனால் அந்த முடிவை நிறைவேற்ற அது செய்வது மிக எளிய காரியம்: ஒரு கம்பியை இன்னொரு கம்பியுடன் இணைக்கும், பிறகு பிரிக்கும். எத்தனை வண்ணத்திரை இருந்தாலும் அது அடிப்படையில் ஒரு சுவிட்சுதான்.

ஃபர்னஸுக்குள் இருக்கும் சிறு மின்மாற்றி 120 வோல்ட்டை 24 வோல்ட்டாகக் குறைத்து, ஒரு கம்பி வழியாகத் தெர்மோஸ்டாட்டுக்கு அனுப்புகிறது. வெப்பம் வேண்டுமென்றால் தெர்மோஸ்டாட் அந்த 24 வோல்ட்டை வெப்பத்துக்கான கம்பியில் திருப்பி அனுப்பும். அதன்பின் நடப்பவை எல்லாம் ஃபர்னஸின் கட்டுப்பாட்டுப் பலகையின் பொறுப்பு. முதலில் புகைபோக்கி விசிறி சுழலும், அடுத்துப் பற்றவைப்பான் சூடேறும், எரிவாயு திறக்கும், தீ பற்றும். வெப்பமாற்றி சற்றுச் சூடான பிறகுதான் பெரிய விசிறி வீட்டுக்குள் காற்றை ஊதும். தெர்மோஸ்டாட்டில் எண்ணை உயர்த்தியவுடன் காற்று வராததைக் கண்டு பதற வேண்டாம் என்பதற்குக் காரணம் இதுதான்.

கடையில் விற்கும் எந்தத் தெர்மோஸ்டாட்டும் என் வீட்டுக்குப் பொருந்துமா?

பொருந்தாது. வாங்கும் முன் பழையதன் முன்மூடியை மட்டும் மெல்ல இழுத்துக் கழற்றிப் பாருங்கள். மெல்லிய, பல நிறக் கம்பிகள் சிறு திருகுகளில் மாட்டியிருந்தால், அது பெரும்பாலும் 24 வோல்ட் அமைப்பு. கடையில் அதிகம் கிடைப்பவை இதற்கானவையே. மாறாக, இரண்டு அல்லது நான்கு தடித்த கம்பிகள் வந்து, அவை தொப்பி போன்ற மூடிகளால் முறுக்கி இணைக்கப்பட்டிருந்தால், அது 120 அல்லது 240 வோல்ட் வீட்டு மின்சாரத்தில் நேரடியாக இயங்குவது. சுவரடி மின்சூடேற்றி உள்ள வீடுகளிலும், சில அடுக்குமாடிக் குடியிருப்புகளின் விசிறிச் சூடேற்றிகளிலும் இதைக் காணலாம். அங்கே 24 வோல்ட் தெர்மோஸ்டாட்டை மாட்டினால் கருவி எரியும், மாட்டியவருக்கும் ஆபத்து. அதற்கென்று தனி வகைத் தெர்மோஸ்டாட் உண்டு. அந்த வேலையை மின்பணியாளரிடம் விட்டுவிடுவதே சரி.

எரிவாயு கணப்படுப்பு சிலவற்றில் மில்லிவோல்ட் அளவு மின்சாரம் மட்டுமே ஓடும். அதற்கும் சாதாரணத் தெர்மோஸ்டாட் உதவாது.

பழையதைக் கழற்றும் முன் என்ன செய்ய வேண்டும்?

முதலில் வெப்பமும், வெளியே குளிராக இல்லாவிட்டால் குளிர்ச்சியும் இப்போது ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பழைய தெர்மோஸ்டாட்டைக் கொண்டே சோதித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருந்த கோளாறுக்குப் புதுக் கருவியைக் குறைகூறி ஒரு நாளை வீணடிப்பவர்கள் பலர்.

அடுத்து மின்சாரத்தை நிறுத்துங்கள். ஃபர்னஸுக்கான பிரேக்கரையும் ஏசிக்கான பிரேக்கரையும் இறக்க வேண்டும். ஃபர்னஸ் அருகிலேயே விளக்குச் சுவிட்சு போல ஒன்று இருந்தால் அதையும் நிறுத்துங்கள். 24 வோல்ட் உடலைத் தாக்காதே, எதற்கு இந்தச் சிரமம் என்று கேட்கலாம். ஆபத்து உங்களுக்கு அல்ல, ஃபர்னஸ் பலகைக்கு. மின்சாரம் ஓடும்போது மின்வழங்கும் கம்பி, மின்சுற்று திரும்பிச் செல்லும் பொதுக் கம்பியை ஒரு கணம் தொட்டாலும், பலகையிலுள்ள 3 அல்லது 5 ஆம்பியர் ஃபியூஸ் போய்விடும். கார்களில் போடும் அதே தட்டை ஃபியூஸ்தான், விலை சொற்பம். ஆனால் சில பழைய பலகைகளில் ஃபியூஸே இருக்காது, அங்கே மின்மாற்றியே கருகும். நான் முதன்முறை மாற்றியபோது பிரேக்கரை இறக்காமல், ஜனவரி மாதத்து ஞாயிறு மாலையில் அந்த ஃபியூஸைப் போக்கிவிட்டு, காரிலிருந்து ஒன்றைக் கழற்றிப் போட்டேன். நம் ஊர்ப் பாணி நியான் டெஸ்டரை வைத்துப் பார்த்து, எரியவில்லை, மின்சாரம் இல்லை என்று முடிவு செய்ததே அன்றைய தவறு. அந்த டெஸ்டர் 24 வோல்ட்டுக்கு எரியாது, மல்டிமீட்டர் வேண்டும்.

மூடியைக் கழற்றியதும், கம்பிகளை அவிழ்க்கும் முன், எந்தக் கம்பி எந்த எழுத்துள்ள முனையில் இருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதுப் பெட்டியோடு வரும் ஒட்டுச்சீட்டுகளை ஒவ்வொரு கம்பியிலும் ஒட்டுங்கள். அவிழ்த்த கம்பிகளை ஒரு பென்சிலில் சுற்றி வைத்தால் அவை சுவருக்குள் நழுவி விழாது.

கம்பியின் நிறத்தைப் பார்த்து மாட்டலாமா?

கூடாது. நிறத்துக்கு வழக்கம் உண்டு, கட்டாயம் இல்லை. வழக்கப்படி சிவப்பு மின்வழங்கும் கம்பி, வெள்ளை வெப்பம், மஞ்சள் குளிர்ச்சி, பச்சை விசிறி, நீலம் பொதுக் கம்பி. ஆனால் முன்பு வேலை செய்தவரிடம் அன்று எந்தக் கேபிள் இருந்ததோ அதன்படியே உங்கள் சுவர் இருக்கும். நம்பத்தக்கவை முனையின் எழுத்துகள்தாம்: ‘ஆர்’ மின்சாரத்தைக் கொண்டுவருவது, ‘டபிள்யூ’ வெப்பத்துக்கு, ‘ஒய்’ கம்ப்ரசருக்கு, ‘ஜி’ விசிறிக்கு, ‘சி’ மின்சுற்று திரும்பிச் செல்லும் பொதுக் கம்பி. ‘டபிள்யூ 2’, ‘ஒய் 2’ என்பவை இரண்டாம் கட்ட, அதாவது கூடுதல் வலுவுள்ள, வெப்பத்துக்கும் குளிர்ச்சிக்கும் உரியவை. ஐயம் இருந்தால் ஃபர்னஸின் கீழ்க் கதவைத் திறந்து, கட்டுப்பாட்டுப் பலகையில் அதே கேபிள் எங்கே சேர்கிறது என்று பாருங்கள். சுவரில் இருப்பதைவிடப் பலகையில் இருப்பதே இறுதிச் சான்று.

‘சி’ கம்பி இல்லாவிட்டால் என்ன செய்வது?

இந்தப் பக்கத்துக்கு வருபவர்களில் பாதிப்பேர் இதற்காகவே வருகிறார்கள் என்று எண்ணுகிறேன். பழைய தெர்மோஸ்டாட்டுகளுக்கு மின்சாரமே தேவைப்படவில்லை, அல்லது இரண்டு பேட்டரி போதுமானதாக இருந்தது. ஆகவே அக்காலத்து வீடுகளில் நான்கு கம்பிகளோடு நிறுத்திவிட்டார்கள். வைஃபை உள்ள தெர்மோஸ்டாட்டுக்கு இரவும் பகலும் மின்சாரம் வேண்டும். ‘ஆர்’ கம்பி வழியாக வரும் மின்சாரம் திரும்பிச் செல்ல ஒரு வழி இல்லாவிட்டால் கருவி தொடர்ந்து இயங்காது. ‘சி’ கம்பி அந்த வழி.

‘சி’ இல்லாமலும் வேலை செய்யும் என்று விற்கப்படும் கருவிகள், வெப்பக் கம்பி அல்லது குளிர்ச்சிக் கம்பி வழியாகச் சிறிதளவு மின்சாரத்தைக் கசியவிட்டுத் தங்கள் பேட்டரியை நிரப்பிக்கொள்கின்றன. பல வீடுகளில் இது தொல்லையின்றி நடக்கும். சில வீடுகளிலோ, கசியும் மின்சாரத்தையே ஆணை என்று பலகை எண்ணிக்கொள்வதும், பலகையிலுள்ள ரிலே என்னும் சிறு மின்சுவிட்சு படபடவென்று அடித்துக்கொள்வதும், கடுங்குளிரில் பேட்டரி தீர்ந்து திரை அணைவதும் நேரும். ஆகையால், வழி இருக்கும்போது ‘சி’ கம்பியைத் தருவதே என் பரிந்துரை.

வழிகளில் எளியது, சுவருக்குள் பயன்படுத்தாத கம்பி மடக்கி வைக்கப்பட்டிருக்கிறதா என்று கேபிளின் உறையைச் சற்று வெளியே இழுத்துப் பார்ப்பது. ஒன்று இருந்தால், அதை இங்கே ‘சி’ முனையிலும் ஃபர்னஸ் பலகையின் ‘சி’ முனையிலும் மாட்டினால் போதும். இரு முனையிலும் மாட்ட வேண்டும் என்பதை மறந்து, சுவரில் மட்டும் மாட்டிவிட்டுக் காத்திருப்பவர்களும் உண்டு. உபரிக் கம்பி இல்லையென்றால், சில நிறுவனங்கள் பெட்டியோடு தரும் சிறு இணைப்புக் கருவியை ஃபர்னஸ் பலகையருகே பொருத்தி, நான்கு கம்பிகளிலேயே ஐந்தின் வேலையைச் செய்விக்கலாம். அதுவும் இல்லையென்றால் சுவர் மின்செருகியில் மாட்டும் 24 வோல்ட் மின்மாற்றி கிடைக்கிறது. கம்பி வெளியே தெரியும் என்பதுதான் குறை. ‘ஜி’ கம்பியை எடுத்து ‘சி’யாக்குவது கடைசி வழி. அப்படிச் செய்தால் விசிறியை மட்டும் தனியே ஓட்ட முடியாது. குளிர்ச்சியின்போது விசிறி சுழல்வதற்குப் பலகையில் ‘ஒய்’ முனையையும் ‘ஜி’ முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைக்கவும் வேண்டும். நிலவறையின் கூரை மூடப்படாத வீடானால், தயங்காமல் எட்டுக் கம்பி கேபிள் ஒன்றைப் புதிதாக இழுத்துவிடுங்கள்.

‘ஆர்சி’, ‘ஆர்எச்’ என்று இரண்டு முனைகள் இருக்கின்றன. என்னிடம் ஒரே சிவப்புக் கம்பிதானே?

ஒரே மின்மாற்றி உள்ள வீட்டில் அவ்விரண்டும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். பழைய கருவியில் அதற்கென ஒரு சிறு இணைப்புத் துண்டு இருக்கும். புதியவை பலவும் உள்ளுக்குள்ளேயே இணைத்துக்கொள்கின்றன. வெந்நீர்க் கொதிகலனும் தனி ஏசியும் உள்ள வீட்டில் இரண்டு மின்மாற்றிகளிலிருந்து இரண்டு ‘ஆர்’ கம்பிகள் வரும். அங்கே அந்தத் துண்டைக் கட்டாயம் நீக்க வேண்டும்.

என் வீட்டில் ஹீட் பம்ப் இருக்கிறது. குளிர்ச்சி கேட்டால் சூடு வருகிறதே?

ஹீட் பம்பில் ஒரே கம்ப்ரசர் கோடையில் வீட்டு வெப்பத்தை வெளியே தள்ளுகிறது, குளிர்காலத்தில் வெளி வெப்பத்தை உள்ளே இழுக்கிறது. திசையை மாற்றுவது ஒரு வால்வு. அதற்கான கம்பி ‘ஓ’ அல்லது ‘பி’ முனையில் வரும். பெரும்பாலான நிறுவனங்கள் குளிர்ச்சியின்போது வால்வுக்கு மின்சாரம் தரும் ‘ஓ’ முறையைப் பின்பற்றுகின்றன. ரீம், ரூட் பெயர்களில் வருபவை வெப்பத்தின்போது தரும் ‘பி’ முறையைப் பின்பற்றுவது வழக்கம். அமைப்புப் பட்டியலில் இதைத் தலைகீழாகத் தேர்ந்துவிட்டால் நீங்கள் சொல்வது நடக்கும். கம்பியைத் தொட வேண்டியதில்லை. அந்தத் தேர்வை மாற்றினால் சரியாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. பழைய ட்ரேன் ஹீட் பம்புகள் சிலவற்றில் ‘பி’ என்று எழுதியிருப்பது வால்வுக் கம்பி அல்ல, பொதுக் கம்பி. அதை எழுத்தைப் பார்த்து மாட்டினால் ஃபியூஸ் போகும். எழுத்தை நம்புங்கள் என்று மேலே சொன்னதற்கு இது விதிவிலக்கு. அங்கே பலகையின் வரைபடத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஹீட் பம்புக்குத் துணையாக மின்சூடேற்றிச் சுருள் இருந்தால் அது துணைவெப்பம் எனப்படும். ‘அவசர வெப்பம்’ என்ற தேர்வு கம்ப்ரசரை நிறுத்திவிட்டு அந்தச் சுருளை மட்டும் ஓட்டுவது. கம்ப்ரசர் பழுதான நாள்களுக்கு மட்டுமே உரியது. ‘வெளியே கடுங்குளிர், அவசரம்தானே’ என்று அதை மாதம் முழுதும் போட்டுவைத்தால் மின்கட்டணம் பன்மடங்காகும்.

சுவரில் எங்கே பொருத்துவது நல்லது?

பழைய இடமே நல்ல இடமென்றால் மாற்ற வேண்டாம். தரையிலிருந்து சுமார் 5 அடி உயரத்தில், வீட்டின் உட்சுவரில், மக்கள் புழங்கும் இடத்தில் இருப்பது வழக்கம். வெயில் நேராக விழும் சுவர், அடுப்பங்கரை அருகு, வெளிக்கதவின் ஓரம், காற்று ஊதும் துவாரத்தின் எதிரே, தொலைக்காட்சிக்கு மேலே ஆகியவை தவறான இடங்கள். தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டு நேராக நிற்க ரசமட்டம் வைத்துப் பாருங்கள். இன்றைய கருவிகளுக்கு அது அழகுக்காக மட்டுமே, பாதரசத் தெர்மோஸ்டாட்டுக்கோ அதுவே உயிர்.

கம்பி வெளிவரும் துளையைச் சிறிது பஞ்சாலோ அடைப்புப் பசையாலோ மூடுங்கள். சுவருக்குள்ளிருந்து வரும் குளிர்ந்த காற்று உணரியின்மேல் பட்டால், அறை சூடாக இருந்தும் திரை குறைவாகக் காட்டும், ஃபர்னஸ் நிற்காமல் ஓடும்.

அமைப்புப் பட்டியலில் என்னவெல்லாம் கேட்கும், எதைத் தேர்வது?

முதலில் அமைப்பின் வகை: சாதாரண ஃபர்னஸா, ஹீட் பம்பா, கொதிகலனா, எத்தனை கட்டங்கள். அதன்பின் எரிபொருள். எரிவாயு ஃபர்னஸில் விசிறியை எப்போது தொடங்குவது என்பதைப் பலகை பார்த்துக்கொள்ளும். மின் ஃபர்னஸில் தெர்மோஸ்டாட்தான் விசிறியையும் உடனே ஏவ வேண்டும். இங்கே தவறாகத் தேர்ந்தால், மின் ஃபர்னஸில் விசிறி சுழலாமல் சுருள் சூடேறிப் பாதுகாப்புச் சுவிட்சு துண்டிக்கும்.

பலரும் தாண்டிச் செல்லும் ஒரு கேள்வி, ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை இயங்கலாம் என்பது. ஹனிவெல் வகைக் கருவிகளில் இது எண்ணாகவே கேட்கப்படும். 90 விழுக்காட்டுக்குக் குறைந்த திறனுள்ள எரிவாயு ஃபர்னஸுக்கு 5, அதற்கு மேற்பட்ட திறனுள்ளதற்கும் வெந்நீர் அமைப்புக்கும் 3, மின்சூட்டுக்கு 9, நீராவி அமைப்புக்கு 1, கம்ப்ரசருக்கு 3 என்பது வழக்கமான அமைப்பு. வெந்நீர்க் குழாய்கள் மெதுவாகச் சூடாகி மெதுவாகவே ஆறும். அதை 9 முறை ஏவினால் அறை வெப்பம் இலக்கைத் தாண்டிப்போகும். வேறு சில நிறுவனங்கள் இதையே எத்தனை டிகிரி இறங்கியதும் தொடங்க வேண்டும் என்று கேட்கும். அரை டிகிரி செல்சியஸ் பெரும்பாலோருக்குப் போதும்.

ஏசி நின்றபின் மீண்டும் தொடங்க 5 நிமிடம் காத்திருக்கும் பாதுகாப்பை நிறுத்திவிடாதீர்கள். கம்ப்ரசருக்குள் அழுத்தம் சமமாவதற்கான இடைவெளி அது.

மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்ததும் எப்படிச் சோதிப்பது?

ஃபர்னஸ் கதவை முழுதாக மூடிய பிறகு பிரேக்கர்களை ஏற்றுங்கள். வெப்பத்தைத் தேர்ந்து, இலக்கை அறை வெப்பத்தைவிட 3 டிகிரி உயர்த்தி, சில நிமிடம் பொறுத்து, துவாரத்தில் சூடான காற்று வருகிறதா என்று பாருங்கள். பிறகு விசிறியைத் தனியே ஓட்டிப் பாருங்கள். குளிர்ச்சியைச் சோதிப்பதை வெளியே 15 டிகிரி செல்சியஸுக்கு மேல் உள்ள நாளுக்கு ஒத்திவைக்கவும். குளிரில் ஏசியை ஓட்டினால் திரவநிலைக் குளிரூட்டி கம்ப்ரசருக்குள் புகுந்து அதைச் சேதப்படுத்தலாம்.

திரை கறுப்பாகவே இருக்கிறது. கருவி பழுதா?

பெரும்பாலும் இல்லை. முதலில் ஃபர்னஸ் கதவை அழுத்திப் பாருங்கள்: அதன் பின்னே ஒரு பாதுகாப்புச் சுவிட்சு இருக்கிறது, கதவு அரை விரற்கடை விலகியிருந்தாலும் மின்சாரம் வராது. அடுத்து பலகையின் ஃபியூஸ். கோடையில் திடீரென்று திரை அணைந்தால் ஏசியின் வடிநீர்த் தட்டைப் பாருங்கள். வடிகுழாய் அடைபட்டு நீர் நிரம்பினால் மிதவைச் சுவிட்சு மின்சாரத்தைத் துண்டிக்கும்; அடைப்பை நீக்கினால் திரை தானே வந்துவிடும்.

திரை வந்தும் ஃபர்னஸ் எரியவில்லை என்றால், 24 வோல்ட் அமைப்பில் மட்டும் செய்யத்தக்க ஒரு சோதனை உண்டு. பிரேக்கரை இறக்கி, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, ‘ஆர்’ கம்பியையும் ‘டபிள்யூ’ கம்பியையும் ஒன்றாக முறுக்கி, மீண்டும் பிரேக்கரை ஏற்றுங்கள். ஃபர்னஸ் எரிந்தால் குற்றம் தெர்மோஸ்டாட்டிலோ அதன் அமைப்பிலோ இருக்கிறது. எரியாவிட்டால் கம்பியிலோ ஃபர்னஸிலோ. பார்த்து முடித்ததும் பிரித்துவிடுங்கள். இல்லையென்றால் அது நிற்காமல் எரியும்.

எத்தனை டிகிரி வைப்பது? இரவில் குறைத்தால் காலையில் சூடேற்ற அதிகம் செலவாகாதா?

குளிர்காலத்தில் விழித்திருக்கும் நேரத்துக்கு 20 டிகிரி செல்சியஸ், அதாவது 68 பாரன்ஹீட், பலருக்கும் போதுமானது. வீட்டில் கைக்குழந்தையோ முதியவரோ இருந்தால் கட்டணத்தைவிட அவர்களின் வசதியே முக்கியம். வீடு எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக வெப்பத்தை வெளியே இழக்கிறது. குறைந்த வெப்பத்தில் கழியும் ஒவ்வொரு மணியும் சேமிப்புதான். காலையில் செலவாவது அந்தச் சேமிப்பை விழுங்கிவிடாது. நாளுக்கு 8 மணி நேரம் வழக்கமான அளவிலிருந்து 7 முதல் 10 பாரன்ஹீட் வரை விலக்கி வைத்தால் ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை மிச்சமாகலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. ஹீட் பம்புக்கு இது அப்படியே பொருந்தாது: காலையில் ஒரே தாவலாக உயர்த்தினால் துணைவெப்பச் சுருள் பற்றிக்கொள்ளும். அங்கே ஓரிரு டிகிரி மட்டும் குறையுங்கள்.

சீக்கிரம் சூடாக வேண்டுமென்று 30 டிகிரி வைப்பதால், ஒரே கட்ட ஃபர்னஸில் பயன் ஏதுமில்லை. அது எரிந்தால் முழுதாக எரியும், இல்லையென்றால் எரியாது.

விசிறியை ‘ஆட்டோ’வில் வைப்பதா, ‘ஆன்’ என்று வைப்பதா?

கோடையில் ‘ஆட்டோ’. எப்போதும் சுழலவிட்டால், கம்ப்ரசர் நின்றபின் குளிர்ச்சுருளில் தங்கிய ஈரம் மீண்டும் காற்றோடு கலந்து வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். குளிர்ச்சி இருந்தும் புழுக்கம் போகாது.

வைஃபை தெர்மோஸ்டாட் இணையம் போனால் நின்றுவிடுமா?

நிற்காது, கைப்பேசியிலிருந்து இயக்குவது மட்டுமே தடைபடும். நிறுவனம் தன் இணைய ஆதரவை நிறுத்தும்போதும் இதே நிலைதான். நெஸ்ட் தெர்மோஸ்டாட்டின் முதல் இரண்டு தலைமுறைகளுக்கு 2025 அக்டோபர் 25-இல் கூகுள் அப்படி நிறுத்தியது. சுவரில் கையால் இயக்கலாம், செயலியில் இயலாது. இணைக்க முடியாமல் தடுமாறுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, வீட்டு வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை திறந்திருக்கிறதா என்பதை. பல கருவிகள் அதை மட்டுமே அறியும்.

வாடகை வீட்டில் மாற்றலாமா?

உரிமையாளரின் எழுத்துமூல அனுமதியோடு மட்டும் மாற்றுங்கள். கழற்றிய பழையதைப் பத்திரமாக வைத்திருந்து, வீட்டைக் காலி செய்யும்போது திரும்ப மாட்டிவிடலாம்.

பழைய தெர்மோஸ்டாட்டைக் குப்பையில் போடலாமா?

மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே சிறு கண்ணாடிக் குமிழில் வெள்ளி நிறத் திரவம் அசைந்தால் அது பாதரசம். ஹனிவெல் 1953-இல் கொண்டுவந்த வட்ட வடிவத் தெர்மோஸ்டாட் போன்றவற்றில் இதைக் காணலாம். குமிழைக் கழற்ற முயலாமல், முழுக் கருவியையும் ஒரு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, உங்கள் நகராட்சி தீங்கான வீட்டுக் கழிவுகளைப் பெறும் இடத்தில் ஒப்படையுங்கள்.